76-க்கு 76: 2006-07 லா லிகா பட்டத்தைத் தீர்மானித்த கணக்கு

[திரையில்: இறுதிப் பட்டியலின் முதல் இரண்டு வரிகள்]

லா லிகா என்பது ஸ்பெயினின் முதல்நிலைக் கால்பந்து லீக். முதல் வரி, ரியல் மாட்ரிட். 38 ஆட்டத்தில் 23 வெற்றி, 7 டிரா, 8 தோல்வி, 76 புள்ளி. இரண்டாவது வரி, பார்சிலோனா. 22 வெற்றி, 10 டிரா, 6 தோல்வி. அதுவும் 76 புள்ளிதான்.

இப்போது கோல்களைப் பாருங்கள். பார்சிலோனா 78 அடித்து 33 வாங்கியது, வித்தியாசம் 45. மாட்ரிட் 66 அடித்து 40 வாங்கியது; வித்தியாசம் 26. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் இப்படி முடிந்திருந்தால் கோப்பை பார்சிலோனாவுக்கு. ஸ்பெயினில் அது மாட்ரிட்டுக்குப் போனது. மாட்ரிட்டின் 30-வது லீக் பட்டம் அது.

[திரையில்: விதி]

லா லிகாவில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால், முதலில் பார்ப்பது அவை இரண்டும் மோதிக்கொண்ட இரண்டு ஆட்டங்களை மட்டும். அந்த இரண்டில் யாருக்கு அதிகப் புள்ளி? அதிலும் சமம் என்றால், அந்த இரண்டு ஆட்டங்களின் கோல் வித்தியாசம். அங்கும் சமம் என்றால்தான் சீசன் முழுவதற்குமான கோல் வித்தியாசம். அதற்குப் பிறகு மொத்தம் அடித்த கோல்கள்.

இதில் பலர் தடுமாறும் இடங்கள் உண்டு. வெளியூரில் அடித்த கோலுக்கு இங்கே தனி மதிப்பு கிடையாது. அதே 2007 மார்ச்சில், சாம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூலுடன் மொத்தக் கணக்கு 2-2 என்று சமமாக இருந்தும், வெளியூர் கோல் விதியால் (எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும்) பார்சிலோனா வெளியேறியது. லீக்கில் அந்த விதி இல்லை.

இன்னொன்று, நேருக்கு நேர் கணக்கு இரண்டு ஆட்டமும் முடிந்த பிறகுதான் உயிர் பெறும். ஒரு ஆட்டம் மட்டும் முடிந்திருந்தால் பட்டியல் வழக்கமான கோல் வித்தியாசத்தில்தான் ஓடும். சீசன் நடுவில் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடைசியிலும் அதே வரிசைதான் என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

மூன்று அணிகள் ஒரே புள்ளி என்றால் அந்த மூன்றுக்குள் மட்டும் ஒரு குட்டிப் பட்டியல் போடுவார்கள். அணிக்கு 4 ஆட்டம், மொத்தம் 6. நான்காவது அணியோடு ஆடியது எதுவும் அதில் வராது.

[திரையில்: 2006 அக்டோபர் 22, சான்டியாகோ பெர்னபேயு]

முதல் மோதல் மாட்ரிட்டில். மூன்றாவது நிமிடத்திலேயே ராவுல் அடித்தார். இடைவேளை முடிந்து சிறிது நேரத்தில் வான் நிஸ்டல்ரூய் இன்னொன்று. 2-0. பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோவின் மாட்ரிட் பார்க்க அழகான அணி இல்லை என்பது அன்றைக்கே எல்லாரும் சொன்ன குறை. ஆனால் இந்த இரண்டு கோலின் மதிப்பு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

[திரையில்: 2007 மார்ச் 10, கேம்ப் நூ]

மறுமோதல், பார்சிலோனாவின் மைதானத்தில். இரண்டு அணிகளும் அதே வாரத்தில் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேறி, அடிபட்டு வந்தவை. வான் நிஸ்டல்ரூய் போட, மெஸ்ஸி சமன் செய்தார். பெனால்டியில் வான் நிஸ்டல்ரூய் மறுபடியும் போட, மெஸ்ஸி மறுபடியும் சமன் செய்தார். இடைவேளைக்குச் சற்று முன் பார்சிலோனாவின் ஒலேகெர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, இரண்டாவது பாதி முழுக்க பார்சிலோனா பத்துப் பேரோடு ஆடியது. 73-வது நிமிடத்தில் செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டி 3-2 ஆக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் 19 வயது மெஸ்ஸி தன் மூன்றாவது கோலை அடித்தார். 3-3.

அந்தக் கடைசி கோல் வராமல் போயிருந்தால்? மாட்ரிட்டுக்கு இரண்டு புள்ளி கூடியிருக்கும், பார்சிலோனாவுக்கு ஒன்று குறைந்திருக்கும். மற்ற முடிவுகள் அப்படியே இருந்தால் 78-க்கு 75. பட்டியலில் சமநிலை என்ற பேச்சே எழுந்திருக்காது. பார்சிலோனாவைப் பட்டப் போட்டியில் வைத்திருந்தது அந்த ஹாட்ரிக்தான். ஆனால் நேருக்கு நேர் கணக்கை அதனால் மாற்ற முடியவில்லை: இரண்டு ஆட்டத்தில் மாட்ரிட்டுக்கு 4 புள்ளி, பார்சிலோனாவுக்கு 1.

அன்று இரவிலிருந்து, சம புள்ளி என்றாலே மாட்ரிட் முன்னால். மே 12-ல் எஸ்பான்யோலிடம் 3-1 என்று பின்தங்கி, மாட்ரிட் 4-3 என வென்றது. 89-வது நிமிடத்தில் இகுவாயின். மறுநாள் பார்சிலோனா சொந்த மைதானத்தில் பெத்திஸிடம் கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-1. இருவரும் 66. பட்டியலின் உச்சியில் மாட்ரிட்.

[திரையில்: 2007 ஜூன் 9, 37-வது சுற்று. இரண்டு மைதானம், ஒரே நேரம்]

இந்த இரவை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இருவரும் 72. மாட்ரிட் சரகோசாவில். பார்சிலோனா தன் ஊர்க்காரர்களான எஸ்பான்யோலுடன், கேம்ப் நூவில். எஸ்பான்யோலின் டமுடோ முதலில் அடித்தார். இடைவேளைக்கு முன் மெஸ்ஸி கையால் தட்டிப் போட்ட பந்தை நடுவர் கோல் என்றே கொடுத்தார். பிறகு மெஸ்ஸி காலாலும் ஒன்று அடிக்க, பார்சிலோனா 2-1. அங்கே சரகோசாவில் டியேகோ மிலித்தோ இரண்டு கோல் போட்டிருந்தார். மாட்ரிட் 1-2 என்று பின்தங்கியிருந்தது.

88-வது நிமிட நிலவரம்: பார்சிலோனா 75, மாட்ரிட் 72. கடைசிச் சுற்றில் பார்சிலோனாவுக்கு ஒரு டிரா போதும். கவனியுங்கள், மூன்று புள்ளி முன்னிலை இருந்தும் அந்த ஒரு புள்ளி தேவைதான். தோற்று, மாட்ரிட் வென்றால் 75-க்கு 75, கோப்பை மாட்ரிட்டுக்கு.

89-வது நிமிடம். சரகோசாவில் வான் நிஸ்டல்ரூய், 2-2. மாட்ரிட் 73. இன்னும் இரண்டு புள்ளி பின்னால். ஆனால் இப்போது பார்சிலோனாவுக்கு டிரா போதாது! டிரா செய்தால் 76. மாட்ரிட் வென்றால் அதற்கும் 76. இரண்டு புள்ளி முன்னிலையோடு போகும் அணி கடைசி ஆட்டத்தில் வென்றே தீர வேண்டும்.

அடுத்த ஒரு நிமிடத்துக்குள் கேம்ப் நூவில் டமுடோ மறுபடியும் அடித்தார். 2-2. பார்சிலோனா 75-லிருந்து 73-க்கு இறங்கியது. 73-க்கு 73, அதாவது மாட்ரிட் முதலிடம். இந்த கோலுக்கு ஸ்பெயினில் 'டமுடாஸோ' என்று தனிப் பெயரே உண்டு. இத்தனைக்கும் அன்று எஸ்பான்யோலுக்குப் பட்டப் போட்டியில் எந்தப் பங்கும் இல்லை.

[திரையில்: 2007 ஜூன் 17, கடைசிச் சுற்று]

மூன்றாவது வாய்ப்பு செவியாவுக்கு இருந்தது, 71 புள்ளியோடு. வியாரியாலிடம் 0-1 என்று தோற்று அங்கேயே நின்றது.

மாட்ரிட்டுக்கு வெற்றி போதும். பார்சிலோனா எத்தனை கோல் அடித்தாலும் பொருட்டில்லை. ஆனால் பெர்னபேயுவில் 17-வது நிமிடத்தில் மயோர்காவின் வரேலா அடித்துவிட்டார். பார்சிலோனாவோ தரகோனாவில் கோல் மேல் கோலாகப் போட்டு 5-1 என்று முடித்தது. வான் நிஸ்டல்ரூய் காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேறினார். 25 கோலோடு அந்த சீசனில் அதிகம் அடித்தவர் அவர்தான். அவர் இல்லாமலேயே மாட்ரிட் இரண்டு கோல் தேட வேண்டியிருந்தது.

மாட்ரிட்டுக்காகத் தன் கடைசி ஆட்டத்தை ஆடிய பெக்காமுக்குப் பதிலாக ரெய்யஸ் இறங்கினார். 68-வது நிமிடத்தில் கோல், 1-1. இது போதாது. டிரா என்றால் மாட்ரிட் 74, பார்சிலோனா 76. 80-வது நிமிடம் வரை கோப்பை பார்சிலோனாவின் கையில்தான் இருந்தது. அந்த நிமிடத்தில் மகமது டியாரா, 2-1. மூன்று நிமிடம் கழித்து ரெய்யஸ் மறுபடியும், 3-1.

11 நாள் கழித்து, ஜூன் 28-ல், மாட்ரிட் நிர்வாகம் கபெல்லோவைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது.