நூறு இலங்கை ரூபாய்க்கு 157 இந்திய ரூபாய் கிடைத்த காலம்

வணக்கம் உறவுகளே. வழக்கமாக உப்புவெளிக் கடற்கரையில் நின்று பேசுகிற நான் இன்று வீட்டு மேசைக்கு முன்னால் அமர்ந்திருப்பதற்கு, என்.சி. வீதியிலுள்ள ஒரு நாணயமாற்றுக் கடையில் நேற்று நடந்ததே காரணம். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் திரும்பிய காணொளியைப் பார்த்தவர்களுக்கு, என்னிடம் இந்தியக் காசு மிஞ்சியிருந்தது நினைவிருக்கும். மிஞ்சியது 8,400 ரூபாய்; எல்லாமே நூறு ரூபாய்த் தாள்கள்.

கடை வாசல் பலகையில் இந்திய ரூபாய்க்கு 3.40 என்று எழுதியிருந்தது. உள்ளே காசை எண்ணி வாங்கிய பிறகு, நூறு ரூபாய்த் தாள்களுக்கு 3.10 தான் தர முடியும், பலகையில் உள்ள விலை ஐந்நூறு ரூபாய்த் தாள்களுக்கு மட்டும் உரியது என்றார்கள். ரூபாய்க்கு முப்பது சதம் என்றால் 8,400 ரூபாய்க்கு 2,520 ரூபாய் போகிறது. சிறிய தாள்களுக்கு விலை குறைவு என்று அதே பலகையில் ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. எழுதாமல் வைத்துவிட்டு, காசு மேசைக்கு வந்த பிறகு சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது. ஆகவே தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்போது வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், “இந்தியக் காசு எந்தக் காலத்திலும் எங்கட காசைவிட மூன்று மடங்கு பெரிசுதானே தம்பி, முப்பது சதத்தை ஏன் பார்க்கிறீர்?” என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் “எந்தக் காலத்திலும்” என்ற அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்கு இரவு முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை, ஏனென்றால் அது உண்மையே அல்ல.

நீண்ட காலம் இரண்டு ரூபாய்களும் ஒன்றுக்கு ஒன்றாகவே இருந்தன. இரண்டும் பிரித்தானியாவின் ஸ்டேர்லிங் பவுணைப் பற்றிக்கொண்டிருந்ததால், 1949 செப்டெம்பரில் பவுண் சரிந்தபோது இரண்டும் கூடவே சரிந்து, டொலருக்கு 4.76 என்ற ஒரே இடத்தில் நின்றன. 1950 இல் கொழும்பில் மத்திய வங்கி தொடங்கிய பிறகும் அந்தச் சமநிலை மாறவில்லை. போர்கள், வறட்சி, விலையேற்றம், நின்றுபோன வெளிநாட்டு உதவி எல்லாம் சேர்ந்து நெருக்க, 1966 ஜூன் 6 ஆம் திகதி இந்தியா தன் ரூபாயை டொலருக்கு 7.50 என்று மதிப்பிறக்கம் செய்தது. இலங்கை 4.76 இலேயே நின்றது. இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள்: 7.50 ஐ 4.76 ஆல் வகுத்தால் 1.5756. அதாவது நூறு இலங்கை ரூபாய்க்கு 157 இந்திய ரூபாயும் 56 பைசாவும்.

இதைப் புத்தகக் கணக்காக மட்டும் நான் சொல்லவில்லை. பெரியப்பாவின் பழைய கொப்பியை முந்தைய காணொளி ஒன்றில் காட்டியிருக்கிறேன் அல்லவா, அதை இன்று காலை மீண்டும் புரட்டினேன். தலைமன்னார் வரை புகையிரதத்திலும் அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலிலும் போன பயணத்தின் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. கெமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், பாருங்கள். “67 ஆவணி. வங்கியில் மாற்றியது. 100க்கு 157. தரகு போக 155 கையில்.” நீல மை பழுப்பாகிவிட்டது, ஆனால் 157 என்ற எண்ணின் அடியில் அவர் இழுத்த இரட்டைக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மாற்றுவதற்காக அவர் இழந்தது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. நேற்று என்னிடம் கேட்கப்பட்டது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது.

இதைச் சொன்னவுடன் “அந்தக் காலத்தில் நாங்கள் அவ்வளவு செழிப்பாக இருந்தோம்” என்று கருத்துப் பகுதியில் எழுத வேண்டாம். இங்கும் ஏற்றுமதி வருமானம் போதாமல்தான் இருந்தது. நாம் மதிப்பிறக்கத்தைத் தள்ளிப்போட்டோம், அவ்வளவுதான். 1967 நவம்பரில் பவுண் மறுபடி சரிந்ததும் இலங்கையும் 5.95 க்கு இறங்கியது, இந்தியா அப்போது அசையவில்லை. ஆக, பெரியப்பாவின் 157 ஏறத்தாழப் பதினேழு மாதங்களே நிலைத்தது. அதன் பின் நூறு ரூபாய்க்கு 126 தான்.

ஒன்றை விட்டுவிட்டேன், அது முக்கியமானது. 1968 மே மாதத்திலிருந்து இங்கே இரட்டை வீதம் இருந்தது. அத்தியாவசியப் பொருட்களை டொலருக்கு 5.95 என்ற வீதத்தில் இறக்குமதி செய்யலாம். மற்றவற்றுக்கு அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு முதலில் நூற்றுக்கு 44 மேலதிகம். கூட்டினால் டொலர் 8.57 ஆகிறது, அதாவது இந்தியாவின் 7.50 ஐத் தாண்டிவிடுகிறது. காகிதத்தில் நம் ரூபாய் பெரிதாக இருந்தபோதே, பல பொருட்களுக்கு அது சிறிதாகிவிட்டது. 1977 நவம்பரில் இரண்டு வீதங்களையும் ஒன்றாக்கி டொலருக்கு 16 ரூபாய் என்றபோது, இந்தியாவில் டொலர் 9 ரூபாய்க்கும் கீழே இருந்தது.

அதன் பிறகும் இந்திய ரூபாய் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகவில்லை. 1990 இல் அது ஏறத்தாழ 2.30 இலங்கை ரூபாய்; 1991 ஜூலையில் இந்தியா மறுபடி மதிப்பிறக்கம் செய்ததால், 1993 இல் 1.58 ஐ ஒட்டி வந்தது. பெரியப்பாவின் எண் அப்படியே தலைகீழாகத் திரும்பி வந்திருக்கிறது பாருங்கள்! 2021 இல் 2.70 ஐ ஒட்டி இருந்தது, 2022 மார்ச்சில் நம் ரூபாயை மிதக்கவிட்ட பின், அதாவது அதன் விலையைச் சந்தையிடமே விட்ட பின், மே மாதத்தில் நான்கரையைத் தாண்டியது, 2024 முடிவில் 3.40 அளவுக்கு இறங்கியது. “எந்தக் காலத்திலும் மூன்று மடங்கு” என்ற பெரியவரின் கணக்கு 2022 க்குப் பிறகு வந்த கணக்கு.

வங்கிகளின் வீதம் எனக்கு ஓரளவு கிடைத்துவிட்டது, கடைத்தெருவில் மக்கள் உண்மையில் என்ன விலைக்கு மாற்றினார்கள் என்பது கிடைக்கவில்லை. 1968 முதல் 1977 வரை இந்தியா போய்வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் பற்றுச்சீட்டோ செலவுக் கொப்பியோ இருக்கிறதா என்று கேட்டு, திகதி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள்.