பஸ் நிலையத்தில் நிற்பது குற்றமா?

(மட்டக்களப்பில் ஆற்றிய உரையிலிருந்து)

சபையோரே, 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நம்மீது செல்லும். கையேந்துவது, சும்மா நிற்பது, குடித்துக் கத்துவது போன்ற சின்னக் காரியங்களுக்காக ஒருவரைச் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் இழுக்கக் கூடாது என்பதே என் பேச்சு. உழைக்கக்கூடியவர் உழைக்காமல் தெருவில் கையேந்தினால், முதல் தடவைக்கு 14 நாள் வரை சிறை, அல்லது 10 ரூபா வரை தண்டம். இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்தது இது. அந்த மூலச் சட்டத்தையே நீக்குவதென்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2022இல் சட்டம் இயற்றிவிட்டது.

பத்து ரூபாதானே என்று எண்ண வேண்டாம். சுமையெல்லாம் நடைமுறையில்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, குடித்துவிட்டு, பஸ் நிலையத்தில் சத்தம் போடுகிறார் என்று வையுங்கள். இரவு பொலிஸ் கூண்டில். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சரீரப் பிணை என்றால், அவருக்காகப் பொறுப்பேற்கும் பிணையாளி வேண்டும். பிணையாளிக்குக் கிராம சேவகரின் சான்றிதழ் வேண்டும். சனிக்கிழமை பிடிபட்டவருக்கு அதை யார் எடுத்துக் கொடுப்பது? 'ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்' என்று குற்றத்தை ஏற்றுவிடுகிறார். தண்டம் கட்டியாயிற்று, குற்றத்தீர்ப்பு பதிவில் நிற்கிறது. கட்டாருக்குப் போகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் நாளில்தான் அதன் பாரம் தெரியும்.

இங்கே இளம் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். குற்றம் நிரூபணமானாலும் குற்றத்தீர்ப்பு அளிக்காமல் எச்சரித்து விடுவிக்க நீதவானுக்கு அதில் அதிகாரம் உண்டு. வாய் திறந்து கேட்க ஆள் இருந்தால்தான் அது கிடைக்கும்.

இரவு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவளைச் சீண்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் தனிக் குற்றம். அந்தப் பிரிவில் கை வைக்கக் கூடாது. அடிதடி, மிரட்டலும் அப்படியே.

வெறியில் கத்துபவரைப் பொலிஸ் அகற்றட்டும். தெளியும்வரை வைத்திருந்து வீட்டாரிடம் ஒப்படைக்கட்டும். துப்புவது, குப்பை போடுவதெல்லாம் போக்குவரத்துத் தண்டப்பத்திரம் போல 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி முடியட்டும். கட்டத் தவறினால் சிறை என்ற வாசலைத் திறந்து வைத்தால் இத்தனையும் வீண். தவணை கொடுங்கள், இல்லையேல், 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் காட்டிய சமுதாய வேலையைச் சிறைக்குப் பதிலாகக் கொடுங்கள்.

கையேந்துவதையும் சும்மா நிற்பதையும் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுக்க வேண்டும். காந்திப் பூங்கா ஓரத்தில் படுத்திருக்கும் முதியவரிடம் போக வேண்டியவர் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர். பொலிஸ் ஜீப் ஏற்றிப் போனால், 14 நாள் கழித்து அதே மதிலோரத்துக்குத்தானே திரும்புவார்?