கட்டையில் ஒரு பச்சை

வணக்கம் நேயர்களே. பாசி என்றதும் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததுதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். குளத்தில் மிதப்பதையும் பாசி என்கிறோம், மழைக்காலத்தில் மதில்சுவரில் வெல்வெட் மாதிரி படர்வதையும் பாசி என்கிறோம். இரண்டும் வேறு வேறு. மதில்சுவரில் இருப்பதை விரலால் கிள்ளிப் பாருங்கள், குட்டிக் குட்டியாய்த் தண்டும் இலையும் தெரியும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் அந்த வகையைத்தான் மாஸ் என்போம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் தொல்லைக்குத்தான் எங்களிடம் பாசி என்று பெயர்.

மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. மெல்லிய நார்கள் உண்டு, அவை பிடித்துக்கொள்ள மட்டும்தான். சத்தையெல்லாம் இலை வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால் மண் வேண்டாம், தொட்டிக்குள் ஒரு மரக்கட்டை போதும், அதில் நூலால் கட்டி வளர்க்கலாம்.

என் முதல் கட்டைக்கு மாஸ் கட்டிக் கொடுத்தது என் அம்மா. ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி வாங்கி வந்திருந்தேன். எனக்கு நூல் சுற்ற வரவில்லை. "இங்கே கொடு" என்று வாங்கிக்கொண்டார். தினமும் மல்லிகை தொடுக்கிற கை அல்லவா? நெருக்கமாக, ஓர் இடுக்கு தெரியாமல் கட்டிவிட்டார். தொட்டியில் வைத்ததும் அவ்வளவு அழகு! மூன்றே வாரத்தில் மேலே பச்சை, அடியில் கறுப்பு. தொட்டால் கொழகொழவென்று கழன்று வந்தது. அடியிலிருந்த மாஸுக்கு வெளிச்சமும் இல்லை, தண்ணீர் ஓட்டமும் இல்லை, அழுகிவிட்டது. அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. மிச்சமிருந்த நல்ல பச்சையைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி, கட்டையின் நிறம் தெரியும்படி தூவி, தையல் பெட்டியிலிருந்து பருத்தி நூலை எடுத்துத் தளர்வாகச் சுற்றினார். "பூ தொடுத்தால் நெருக்கம், இதற்குக் கலக்கம்" என்றார், இடைவெளி விட்டு வைப்பதைத்தான் அப்படிச் சொன்னார். இரண்டு மாதத்தில் நூல் இற்றுப்போனது, மாஸ் கட்டையைப் பிடித்திருந்தது.

அதனால்தான் எங்கே போனாலும் இதையே சொல்கிறேன்: மெல்லிசாக வையுங்கள். கட்டை தெரிகிறதே, மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும். மெல்லிசாக வைத்ததுதான் படரும்.

பருத்தி நூல் தானே மக்கிவிடும். தூண்டில் நரம்பு மக்காது, மாஸுக்குள் மறைந்துகொள்ளும். கெட்டியான சூப்பர் குளூவைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டுபவர்களும் உண்டு.

கட்டையைப் பற்றி ஒன்று. புதுக் கட்டையைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். பயப்படாதீர்கள், அது மரத்தின் சாயம். முன்பே சில நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் குறையும். வெள்ளையாக ஜவ்வு மாதிரி படர்ந்தாலும் சில வாரத்தில் போய்விடும், இறால் இருந்தால் அதுவே தின்றுவிடும். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். கூடினால் பாசி வந்து மாஸோடு பின்னிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

எந்த மாஸ் வாங்குவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: முதல் முறை என்றால் ஜாவா மாஸ். இஷ்டத்துக்குக் கிளைவிடும், நம் ஊர் வெயிலையும் ஓரளவு தாங்கும். கிறிஸ்துமஸ் மாஸ் முக்கோண அடுக்காகப் படியும், அழகு அதிகம், ஆனால் குளிர்ச்சி கேட்கும். சித்திரை வெயிலில் தண்ணீரின் மேற்பரப்பில் படுகிற மாதிரி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மேல் கிளைக்கு, தொங்கி வளரும் வீப்பிங் மாஸ் பொருந்தும். அப்புறம், மாஸைக் கத்தரிக்கும்போது ஃபில்டரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் துணுக்கெல்லாம் அதற்குள் போய் அடைத்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.