புது பேட்டரியும் இறங்குகிறதா? பழைய பைக்கின் எலக்ட்ரிக்கல் கோளாறை எங்கிருந்து தேடுவது

வணக்கம். வந்த கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: "செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய பைக் வாங்கினேன். செல்ஃப் எடுக்கவில்லை என்று புது பேட்டரி போட்டேன். நாலைந்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால் அதுவும் இறங்கிவிடுகிறது. பிரேக் பிடித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது சில சமயம் வண்டி மொத்தமாக ஆஃப் ஆகி மறுபடி வருகிறது. அவ்வப்போது ஃபியூஸும் போகிறது. ஒருவர் ரெக்டிஃபையரை மாற்று என்கிறார், இன்னொருவர் வயரிங் கிட்டையே மாற்று என்கிறார். எதை முதலில் மாற்றுவது?"

நண்பரே, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, நாலு தனித்தனிக் கோளாறுகள். பழைய வண்டியில் இப்படித்தான் சேர்ந்து வரும். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைத்துத் தேடினால்தான் பொருள் மேல் பொருளாக மாற்றிக்கொண்டே போவோம். பெரும்பாலும் பொருள் கெட்டிருக்காது. பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு கெட்டிருக்கும். அதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியை அளந்தால் 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை மட்டும் வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மீட்டரைப் பிடித்தபடியே செல்ஃபை அழுத்திப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலமில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

இங்கேயே இன்னொன்றும் பாருங்கள். மீட்டரின் முனையை பேட்டரியின் ஈய முனையில் வைத்து செல்ஃபை அழுத்தி ஒரு அளவு எடுங்கள். அடுத்து, அதே முனையை அங்கே போல்ட் போட்டிருக்கும் கேபிளின் லக்கில் (கேபிள் நுனியில் இருக்கும் உலோக வளையம்) வைத்து அதே மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அரை அங்குலம்கூட இருக்காது. அளவில் 1 வோல்ட் வித்தியாசம் வந்தால் அந்த 1 வோல்ட்டும் அந்த இணைப்பிலேயே வீணாகிறது என்று அர்த்தம். பார்வைக்கு போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டு ஈயமும் செம்பும் பளபளவென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இதை மாற்றிச் செய்தால் ஸ்பேனர் சேஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

அடுத்து சார்ஜிங். இன்ஜினில் இருக்கும் காயில் தரும் ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர், வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைத் திருகி 4,000, 5,000 ஆர்பிஎம்மில் வைத்து பேட்டரியை அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆகும். பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேட்டரி இல்லாமல் ஏறும் வோல்ட்டேஜ் சிடிஐயையும் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பெட்டி) ரெக்டிஃபையரையும் சேர்த்தே அடித்துவிடும்.

சார்ஜ் ஏறவில்லை என்றாலும் நேராக ரெக்டிஃபையருக்குப் போக வேண்டாம். இன்ஜினிலிருந்து வரும் காயில் வயர்களின் கப்ளரை (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் 3 மஞ்சள் வயர்களாக இருக்கும். கப்ளரின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகி உருகியிருந்தால் கோளாறு உங்கள் கையிலேயே இருக்கிறது. பின் தளர்ந்து, சூடாகி, சூட்டில் மேலும் தளர்ந்திருக்கிறது. கப்ளர் நன்றாக இருந்தால், கழற்றிய நிலையிலேயே மீட்டரை ஏசியில் வைத்து, இன்ஜினை ஓட்டி, வயர்களை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷாக் அடிக்கும். எவ்வளவு வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போயிருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இருக்கவே கூடாது. காயில் நன்றாக இருந்து, ரெக்டிஃபையரின் எர்த்தும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் சேஸ் இணைப்பு) சுத்தமாக இருந்து, அப்போதும் சார்ஜ் வரவில்லை என்றால் ரெக்டிஃபையரை மாற்றலாம்.

ஆனால் உங்கள் வண்டி நிறுத்தி வைத்தால்தான் இறங்குகிறது. அதனால் சாவி ஆஃபில் இருக்கும்போதும் கரண்ட் எங்கோ கசிகிறதா என்று பார்ப்பது அவசியம். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் போடுங்கள். அளவு மிகக் குறைவாக இருந்தால் மில்லிஆம்பியருக்கு மாற்றிக்கொள்ளலாம். மீட்டர் அங்கே இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் இது கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்க வேண்டும். 50 மில்லிஆம்பியர் கசிகிறது என்று வையுங்கள். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் ஆகிவிடும். 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலே நாளில் காலி. நீங்கள் சொன்ன நாலைந்து நாள் கணக்கு இதோடு பொருந்துகிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ரெக்டிஃபையர் கப்ளரைக் கழற்றுங்கள். அளவு பூஜ்யத்துக்கு இறங்கினால் ரெக்டிஃபையரின் உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறது. இறங்காவிட்டால், முன்பு வைத்திருந்தவர் மாட்டிய அலாரம், மொபைல் சார்ஜர், கூடுதல் விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். சாவி சுவிட்சுக்குப் போகாமல் நேராக பேட்டரியில் கொடுத்திருப்பார்கள்.

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் எரிவது பின்பக்க எர்த் கோளாறு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரேக் லைட்டுக்குப் போன கரண்ட் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். அந்த வழி துருப்பிடித்து அடைபட்டால், அதே எர்த்தைப் பகிர்ந்துகொள்ளும் இண்டிகேட்டர் பல்ப் வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்பப் பார்க்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து தனியாக ஒரு வயர் இழுத்து, பின் விளக்கின் எர்த் வயரில் தொட்டுப் பாருங்கள். உடனே பிரேக் லைட் பிரகாசமாகி இண்டிகேட்டர் அணைந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அந்த எர்த் சேஸில் சேரும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பெயின்ட் அடித்த சேஸாக இருந்தால் போல்ட்டுக்கு அடியில் பெயின்டையும் சுரண்டுங்கள்.

ஹேண்டில் திருப்பும்போது ஆஃப் ஆவதைத்தான் நான் முதலில் சரிசெய்யச் சொல்வேன். ஓடும்போது விளக்கும் இன்ஜினும் சேர்ந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. ஹேண்டில் கழுத்தில் வயரிங் வளையும் இடத்தில், வருடக்கணக்காக மடங்கி மடங்கி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். டேப்பைப் பிரித்து ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல வயர் நீளாது. உள்ளே அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். முதலில் சாவி சுவிட்சுக்கு வரும் வயரையும் அதிலிருந்து போகும் வயரையும் பாருங்கள். வயர் நன்றாக இருந்தால், வெளியே போகும் வயரில் டெஸ்ட் லேம்ப் மாட்டி, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஹேண்டிலைத் திருப்புங்கள், சாவியையும் லேசாக ஆட்டுங்கள். சாவி ஆடும்போது விளக்கு அணைந்தால் சுவிட்சின் உள்ளே கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது.

ஃபியூஸ் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள், கம்பியோ ஃபாயிலோ சுற்றாதீர்கள். ஃபியூஸ் போகாவிட்டால் வயர் எரியும், அந்த வயர் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். அதற்குப் பதில் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 21 வாட் பல்ப் ஒன்றை இரண்டு வயரோடு மாட்டுங்கள். ஷார்ட் ஆனாலும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் எரியாது. ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே இழுத்து உங்களைக் குழப்பும். பிறகு சாவியைப் போட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் பல்ப் முழுப் பிரகாசத்துக்கு வருகிறதோ அந்த லைனில்தான் ஷார்ட். எதையும் போடாமலே அப்படி எரிந்தால் மெயின் லைன். இப்போது வயரிங்கை அங்கங்கே அசைத்துப் பாருங்கள். பல்ப் அணையும் இடம்தான் நீங்கள் தேடுவது. டேங்க் உட்காரும் இடம், சீட்டுக்கு அடியில் மட்கார்டோடு வயர் உரசும் இடம், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

உங்கள் வண்டி 6 வோல்ட் சிஸ்டமாக இருந்தால் நான் சொன்ன பேட்டரி, சார்ஜிங் அளவுகளை ஏறக்குறைய பாதியாக்கிக்கொள்ளுங்கள். சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியைத் தொடாமல் நேராகக் காயிலிலிருந்தே எரியும். ஐடிலில் மங்குவது அவற்றின் அமைப்பு, கோளாறு இல்லை.

கடைசியாக, வயரிங் கிட். கப்ளருக்கு ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்றால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்டுகளைப் பிரித்து, சாலிடர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். பெரும்பாலான வண்டிக்கு இதுவே போதும். வயரை மடக்கினால் மேலுறை எல்லா இடத்திலும் வெடித்து உதிர்கிறதா, அப்போது மட்டும் கிட்டை மாற்றுங்கள். மாற்றும் முன் பழையது போகும் வழியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் போட்ட பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, எந்த வயரும் இழுபடவில்லை என்று பார்த்துவிட்டு கிளாம்பை இறுக்குங்கள்.