எந்தப் படத்துப் பாட்டு?

சிங்கப்பூர் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்ததும் ஸ்பாட்டிஃபை எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் பட்டியல் கொடுக்குமே, வருடம் முழுக்க நாம் எதைக் கேட்டோம் என்று, அதைத் திறந்து பார்த்தேன். வார இறுதிகளில் மேடைகளுக்கு ஒலியமைப்புச் செய்கிறவன் நான். உறுமி மேளத்திலிருந்து ஹெவி மெட்டல் வரை எல்லாவற்றுக்கும் மைக் வைத்திருக்கிறேன். அதனால் ஏதாவது கௌரவமான பாட்டு முதலிடத்தில் இருக்கும் என்று நம்பினேன். இருந்தது 'கோல்டன்'. என் ஒன்பது வயது மகள் என் கணக்கில்தான் பாட்டுக் கேட்கிறாள். ஜூலை முதல் எங்கள் வீட்டில் வேறு பாட்டே கிடையாது.

உங்கள் வீட்டிலும் இதே கதையாக இருக்கலாம். 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' படம் 2025 ஜூன் 20ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஆகஸ்டில் அதன் 'கோல்டன்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போய்விட்டது. பாடுவது மூன்று பெண்கள் கொண்ட குழு. அந்த மூன்று பேருமே கார்ட்டூன். உண்மையில் பாடியவர்கள் ஈஜே, ஆட்ரி நூனா, ரேய் அமி என்ற மூவர். இதை ஒரு புதுமையாகச் சொல்லி என் நண்பர் ஒருவர் வியந்தார். நமக்கு இதில் என்ன புதுமை? திரையில் ஒருவர் வாயசைப்பார், பின்னால் ஒருவர் பாடுவார். பல தலைமுறைகளாக நாம் அப்படித்தான் காதலித்திருக்கிறோம், அப்படித்தான் அழுதிருக்கிறோம். ஈஜே பத்து ஆண்டுக்கு மேல் கொரிய இசை நிறுவனத்தில் பயிற்சி எடுத்தும் மேடையேற்றப்படாதவர். கடைசியில் ஒரு படப் பாட்டுதான் அவரைக் கரையேற்றியது. இதுவும் எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை?

சுயாதீன இசையை, அதாவது படத்துக்காகச் செய்யாத தனிப் பாட்டுகளைப் பற்றிப் பேச அழைத்தால் இவன் படப் பாட்டில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள். தமிழில் எந்தப் பாட்டைப் போட்டாலும் முதலில் வரும் கேள்வி, "இது எந்தப் படத்துல?" இந்த வருடம் அந்தக் கேள்வி என் காதிலேயே விழுந்தது. அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோ. பக்கத்துக் கதவு கார் உதிரிபாகக் கிடங்கு, எதிர்க் கதவு கேக் செய்கிற இடம். அதனால் அன்றைய நிகழ்ச்சி முழுக்க வெண்ணெய் வாசம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். பாட வந்த பெண் வேலையில் தாதி. இரவுப் பணி முடித்து, நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு வந்திருந்தார். பாட்டு அவருடைய தாத்தாவைப் பற்றியது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் வரைந்த கல் மேசை இருக்குமே, அதன் கிழக்குப் பக்கத்து இருக்கைதான் தாத்தாவுடையது. அவர் போன பிறகு அந்த இடத்தில் ஒரு சீனத் தாத்தா வந்து உட்கார்கிறார். அவ்வளவுதான் பாட்டு.

இரண்டாவது சரணத்தில் மடிக்கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போய்விட்டது. பின்னணி இசை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கிறார், நான் திரையைப் பார்க்கிறேன், திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. கஹோன் பெட்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பையன் மட்டும் நிறுத்தவில்லை. மீதிப் பாட்டு அந்தத் தாளத்தோடும் குளிர்சாதனத்தின் இரைச்சலோடும் போனது. எனக்கு ஒலியமைப்பாளன் என்ற முறையில் மானம் போன நாள். ஆனால் இந்த வருடம் நான் கேட்டதிலேயே நல்ல பாட்டு அதுதான்.

முடிந்ததும் முன் வரிசையிலிருந்து ஓர் ஆண்ட்டி எழுந்து வந்தார். யாரோ ஒருவருடைய அம்மா. "நல்லா பாடுனம்மா. எந்தப் படம்?" என்றார்.

"படம் இல்ல ஆண்ட்டி. எங்க தாத்தா."

ஆண்ட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "தாத்தா எந்த புளோக்கு?"

அந்த முதல் கேள்வியை வைத்து நான் முன்பு நிறைய அலுத்துக்கொண்டதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. படம் என்பது ஒரு பாட்டுக்கு முகவரி மாதிரி. யார் பாடுகிறார், எதற்குப் பாடுகிறார், முன்னால் என்ன நடந்தது, எல்லாவற்றையும் படம் சொல்லிவிடும். தனியாக வருகிற பாட்டு முகவரி இல்லாத கடிதம். ஆண்ட்டி கேட்டது முகவரியைத்தான். அவருக்குத் தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு புளோக் எண் கிடைத்ததும் திருப்தியாகப் போய்விட்டார்.

சென்னையில் இந்த முகவரிப் பிரச்சினைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தனிப் பாட்டு அங்கே பெரும்பாலும் சினிமாவுக்கு ஏறும் படிக்கட்டு. சாய் அபயங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் 'கட்சி சேர', சில மாதத்தில் 'ஆச கூட'. இரண்டும் எந்தப் படத்திலும் இல்லாத பாட்டு. நம் ஊர்த் திருமண விருந்துகளில் இன்றும் ஓடுகின்றன. 2025 தீபாவளிக்கு 'டியூட்' வந்தபோது அவர் முழுப் படத்துக்கு இசையமைப்பாளர். திறமைசாலி, குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவருடைய அடுத்த தனிப் பாட்டு எப்போது என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த படம் எது என்றுதான் கேட்கிறோம்.

சிங்கப்பூரில் அந்தப் படிக்கட்டு கிடையாது. ஏற வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும். ஏறியவர்கள் இருக்கிறார்கள். 2010இல் 'எந்திரன்' படத்தின் 'இரும்பிலே ஒரு இருதயம்' பாட்டில் நம் லேடி கேஷின் ராப் கேட்டது. 2012 தேசிய தினத்துக்கு 'சிங்கை நாடு' தந்த ஷபீர் சென்னையிலும் வேலை செய்கிறார். ஏறாமல் இங்கேயே நின்றவர்களும் உண்டு. 1992இல் தொடங்கிய ருத்ரா, சமஸ்கிருத மந்திரத்தையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையில் பாடுகிற நம் பையன்கள். உலகத்தில் எங்கெங்கோ அவர்களுக்கு ரசிகர்கள், நம் லிட்டில் இந்தியா தேக்காவில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 90களில் வசந்தம் பாய்ஸ் பாட்டுக் குழு. அப்புறம் கடலுக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் யோகி பி, நட்சத்ரா ராப் குழு. 2006இல் அவர்களுடைய 'வல்லவன்' இசைத்தொகுப்பு வந்தபோது என் வயதுப் பையன்கள் பேசிய தமிழே மாறியது. அதிலும் 'மடை திறந்து' இளையராஜாவின் படப் பாட்டைத் தொட்டுக்கொண்டுதான் வந்தது என்பது வேறு விஷயம்.

ஆனால் என்னைக் கேட்டால், நம் ஊரின் உண்மையான சுயாதீன இசை இதெல்லாம் இல்லை. அது உறுமி மேளம்.

2025 பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசம். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகிறது. உறுமி வாசிக்கிற பையன்களைப் பாருங்கள். பகலில் டெலிவரி ஓட்டுகிறவர், பாலிடெக்னிக் மாணவர், கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர். கைக்காசில் தோல் மாற்றுகிறார்கள், கைக்காசில் சட்டை தைக்கிறார்கள். தங்களுக்கென்று சொந்தப் பாட்டு, சொந்த நடை. எந்த நிறுவனமும் அவர்களுக்குப் பின்னால் இல்லை. 1973இல், குழுக்களுக்குள் சண்டை வருகிறது என்று ஊர்வலத்தில் நேரடி இசைக்குத் தடை வந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல். அத்தனை காலம் அந்தக் கை எப்படி மறக்காமல் இருந்தது? திருமண வீட்டிலும், கோயில் திருவிழாவிலும், மலேசியாவுக்குப் போய் பத்துமலையிலும் வாசித்து வாசித்துத்தான்.

உறுமிக்கு மைக் வைப்பது பற்றி ஒரு நிமிடம் சொல்ல அனுமதியுங்கள், தொழில் புத்தி. அதில் இரண்டு முகம். ஒரு முகத்தில் நேரான குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். புதிதாக வரும் ஒலியமைப்பாளர்கள் அடிக்கிற பக்கம் மைக்கைக் கொண்டுபோய் வைப்பார்கள். தேவையே இல்லை, அது எட்டுத் தெருவுக்குத் தானே கேட்கும். தேய்க்கிற பக்கம் வையுங்கள். உள்ளே ஒரு விலங்கு மூச்சுவிடுகிற மாதிரி அந்த 'ம்ம்ம்' வரும். ஆட்கள் அருள் வந்து ஆடுவது அந்தச் சத்தத்துக்கு. இந்த வருடம் ஏப்ரலில் ராப் பாடகர் ஹனுமான்கைண்ட் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் கேரளச் செண்டை மேளத்தோடு ஏறியதைக் காணொளியில் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றியது, செண்டைக்குக் கிடைத்த அந்த மேடை உறுமிக்கு எப்போது என்றுதான்.

பெரிய பெரிய கச்சேரிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே மாதம் லேடி காகா தேசிய விளையாட்டரங்கில் நான்கு இரவு பாடினார், ஊரே திரும்பிப் பார்த்தது. லண்டனில் மார்ச் 8ஆம் தேதி இளையராஜாவின் சிம்பொனி. இங்கிலாந்தின் ஓயாசிஸ் ராக் குழுச் சகோதரர்கள் சண்டையை மறந்து மறுபடி மேடையேறினார்கள். பைகளில் லபூபு பொம்மை தொங்கியது, பொங்கல் பானை வாங்க வந்த பாட்டியின் பையில்கூட ஒன்றைப் பார்த்தேன்.

எனக்கு வலித்தது வேறு. ஆகஸ்ட் 19ஆம் தேதி பீச் ரோட்டில் 'தி புரொஜெக்டர்' என்ற திரையரங்கு மூடப்பட்டது. கோல்டன் மைல் டவரில், 1973இல் திறந்த பழைய கோல்டன் திரையரங்கில் 2014 முதல் நடந்தது. படம் மட்டுமல்ல, அங்கே கச்சேரி, கவிதை வாசிப்பு எல்லாம் உண்டு. அடுத்த மாதமே கேத்தே திரையரங்குகளும் போயின. திரையரங்கு மூடினால் சினிமாக்காரர்களுக்கு நஷ்டம் என்று நினைக்கிறோம். பாட்டுக்காரர்களுக்கும்தான். எஸ்பிளனேட் கச்சேரி மண்டபத்தில் ஏறத்தாழ 1,600 இருக்கை. ஜாமிங் ஸ்டூடியோவில் நாற்பது நாற்காலி. நடுவில் இருநூறு பேர் உட்காருகிற அறைதான் ஒரு பாடகரை வளர்க்கும். அந்த அளவு அறைகள்தான் இந்த ஊரில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன.

இணையம் இருக்கிறதே என்பீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு உரிமைத்தொகை என்று ஸ்பாட்டிஃபை 2024இல் விதி வைத்தது. நம் தாதியின் தாத்தா பாட்டு நவம்பர் வரை 612 தடவை. அதாவது பூஜ்யம். பாட்டை ஏற்றிவைக்கும் இடைத்தரகு நிறுவனத்துக்கு மட்டும் ஆண்டுச் சந்தா தவறாமல் போகிறது. கட்டவில்லை என்றால் தாத்தாவை எடுத்துவிடுவார்கள். இதற்கு நடுவில் வெல்வெட் சன்டவுன் என்று ஒரு குழு, ஜூலைக்குள் மாதம் பத்து லட்சம் பேர் கேட்டார்கள், பிறகு பார்த்தால் அது செயற்கை நுண்ணறிவு செய்த இசை. டீசர் என்ற பிரெஞ்சு இசைச் சேவை நவம்பரில் சொன்ன கணக்கு: ஒரு நாளைக்குத் தங்களிடம் வந்து சேரும் பாட்டுகளில் சுமார் 50,000 முழுக்க இயந்திரம் செய்தவை. கார்ட்டூன் பெண்களுக்குப் பின்னாலாவது ஓர் ஈஜே இருந்தார். இங்கே திரையை விலக்கினால் பின்னால் யாருமே இல்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லோருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 100 வெள்ளி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் செல்லும், 2028 முடியும் வரை நேரம் இருக்கிறது. உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவழிக்கலாம். என் அம்மாவிடம் சொன்னேன். "நூறு வெள்ளி பத்திரமா இருக்கட்டும்டா" என்றார். அது சேமிப்புக் கணக்கு இல்லை அம்மா என்று புரியவைக்க நவம்பர் ஆகிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அறிவிப்பாளர் கையைக் காட்டுகிறார். நேரமாகிவிட்டது. அந்தத் தாத்தா பாட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், பாடியவரிடம் கேட்டுவிட்டுத்தான். அன்றைக்கு மடிக்கணினி நின்றுபோன அதே பதிவு, இரண்டாவது சரணத்தில் தெரியும், வானொலி கெட்டுவிட்டது என்று திருகாதீர்கள். அவர் இன்றும் இரவுப் பணியில் இருக்கிறார், கேட்க முடியாது. அவருடைய அம்மா தெம்பனிஸில் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று நிமிடம் நாற்பது விநாடி. வணக்கம்.