பால் கொட்டகை ஆசிட்டும் வீட்டுப் போத்தலும்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘ஆசிட்’ என்றாலே பார்மிக் அமிலம்தான் நினைவுக்கு வரும். மரத்தில் பால் ஏந்தும் கிண்ணமான மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து கொட்டகைத் தொட்டிக்கும் வந்து சேரும் ரப்பர் பாலை உறைய வைப்பது அதுவே.

மரத்தில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதன் நுண்துகள்களைப் போர்த்தியுள்ள புரதப் படலம் எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கி, பால் திரளாமல் நிற்கிறது. நன்கு நீர்த்த பார்மிக் அமிலத்தைக் கலந்ததும் அம்மின்னூட்டம் தணிந்து, துகள்கள் கூடி வெண்கட்டியாகின்றன. கட்டியைச் சுற்றிப் பிரியும் நீர் தெளிந்திருந்தால் அமிலம் போதும். பால்நிறம் மாறாதிருந்தால் இன்னும் போதவில்லை. பழகிய தொழிலாளர்கள் இதைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். அதுவும் ஒரு வேதியியல் அறிவே என்பது என் உறுதியான எண்ணம்.

விலை மலிவு என்று கந்தக அமிலத்தை ஊற்றுவது எனக்கு உடன்பாடன்று. ரப்பரின் தரம் கெடுவதோடு, கழிவுநீர்க் குட்டையில் சேரும் சல்பேட்டை நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுவதால், அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது.

பால் உறையக்கூடாத இடத்தில் அம்மோனியா வேண்டும். கையுறைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும், 60 விழுக்காடு ரப்பர் கொண்ட அடர்பாலை அதுதான் கெடாமல் காக்கிறது.

வீட்டிலும் இவற்றின் உறவுகள் உண்டு. துணி வெளுக்கும் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட்டும், கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உள்ளன. தனித்தனியே பயன் தரும் இவ்விரண்டையும் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த சிறு குளியலறையில் அது பேராபத்து.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது, ஆசிட்டையோ களைக்கொல்லியையோ குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் இருப்பது எதுவென்று, தாகத்தோடு வரும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? வாங்கிய கலனிலேயே வைத்து, உயரத்தில் பூட்டி வையுங்கள்.

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால், ஓடும் குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தியெடுக்கத் தூண்ட வேண்டாம். 999 எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கலனையும் பெயர்ச்சீட்டோடு கையில் எடுத்துச் செல்லுங்கள்.