கொண்டைக்கு இடம் விடாத கருவி

வணக்கம். கம்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். கீழே கேட்கும் இரைச்சல் ஏலக்காய்த் தோட்ட ஜீப்புகளுடையது. விடியற்காலையில் இடுக்கி மலைக்கு ஆள் ஏற்றிப் போனவை, மாலையில் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் வரிசையாக இறங்கும். நடுவில் ஹாரன் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோல் காட்டும் கருவி. எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அத்தனையும் முகத்துக்கு முன்னால் தொங்குவதால், பின்னால் இந்தப் பட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பட்டை உட்கார வேண்டிய இடம் பிடரிக்குச் சற்று மேலே. இப்போது திரும்புகிறேன், பாருங்கள். அந்த இடத்தில் என் கொண்டை இருக்கிறது. எங்கள் ஊரில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் இப்படித்தான் முடியை அள்ளி முடிந்து, மேலே ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு போவார்கள். இதை வடிவமைத்தவருக்கு எப்படிப்பட்ட தலை நினைவில் இருந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதர் கருவியோடு பழகும் விதத்தை வடிவமைப்பதும், வடிவமைத்தது உண்மையில் உதவுகிறதா என்று சோதிப்பதும் என் தொழில். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் என்னை அழைத்தது. ஏலச் செடியை இலைப்பேன் என்ற பூச்சி தாக்கினால் காயில் சொறி விழும், விலை போகாது. அதனால் மருந்தடிப்பு ஓயாது. மருந்தடித்த இடத்துக்குள் எப்போது நுழையலாம், கையுறையைக் கழற்றும் முன்பே அதோடு சேர்த்துக் கையை ஏன் கழுவ வேண்டும் என்பதையெல்லாம், உண்மையான மருந்தைத் தொடாமல் மெய்நிகர் தோட்டத்துக்குள் நின்று பழகும் பயிற்சி அது. உள்ளே செயற்கை நுண்ணறிவுக் குரல் ஒன்றும் உண்டு. சந்தேகம் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். என் அம்மா இருபது வருடம் அந்த ஜீப்பில் போனவர். ஆகவே இந்த வேலையை நான் ஆசையோடு ஏற்றுக்கொண்டேன்.

முதல் சோதனைக்கு அம்மாவோடு வேலை செய்த பெரியம்மா ஒருவர் வந்தார். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். எட்டு நிமிடம் அசையாமல் நின்றார். கழற்றியதும், “நன்றாக இருக்கிறது பாப்பா” என்றார்.

பிறகு கேள்வித்தாள். 1986-இல் ஜான் புரூக் என்பவர் உருவாக்கிய பத்து வாக்கியங்கள், எங்கள் தொழிலில் எல்லோரும் எடுக்கும் அளவுகோல். ஒற்றைப்படை வாக்கியம் பாராட்டும், இரட்டைப்படை வாக்கியம் குறை சொல்லும். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்ல வேண்டும். ‘பயன்படுத்த எளிதாக இருக்கிறது’ என்றேன். “ஆமாம் பாப்பா, ஐந்து போடு.” ‘தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது’ என்றேன். “ஆமாம் பாப்பா, ஐந்து போடு.” பத்துக்கும் அதே பதில். அப்படி எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் கணக்குப்படி நூற்றுக்கு சரியாக 50 வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68. நிறுவனத்தார் அந்த 50-ஐப் பார்த்துவிட்டு, படத்தின் தரத்தைக் கூட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு அது உறுத்தியது. பெரியம்மா படத்துக்கு மதிப்பெண் போடவில்லை. எனக்குப் போட்டார், என் அம்மாவுக்குப் போட்டார்.

இப்படி ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2012-இல் நிக்கோலா டெல் என்ற ஆய்வாளரும் உடன் சிலரும் பெங்களூரில் 450 பேரிடம் சோதித்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு படைப்புகளைக் காட்டி, ‘இது நான் செய்தது’ என்று கேள்வி கேட்பவர் சொன்னால், அதையே விரும்பிச் சொல்வது சுமார் இரண்டரை மடங்காகியது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் ஐந்து மடங்கு. வீடு தேடி வந்தவர் முகம் வாடக்கூடாது என்ற நம் வழக்கம் நல்ல வழக்கம்தான். சோதனையை அதற்கேற்ப அமைக்காதது எங்கள் குற்றம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கேள்வியே கேட்கவில்லை. இன்னொரு பெண்ணை அழைத்து, “பெரியம்மா, நீங்களே இவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவர் ஹெட்செட்டை அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டு, முதல் வேலையாக அவளுடைய தாடையில் இரண்டு விரலை வைத்து மேலே தூக்கினார். “இப்படி அண்ணாந்துகொள் பிள்ளை, அப்போதுதான் எழுத்து தெரியும். நேராகப் பார்த்தால் கலங்கும்.”

கொண்டை பட்டையை மேலே தள்ளியிருக்கிறது. பட்டை ஏறியதும் முன்பக்கம் சரிந்து, லென்ஸ் கண்ணுக்கு நேராக இல்லாமல் போயிருக்கிறது. எட்டு நிமிடமும் அண்ணாந்து, கழுத்து வலியோடு நின்றுவிட்டு, எனக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லென்ஸ் பற்றி இன்னொன்று. இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர், பெண்களுக்குப் பொதுவாகச் சற்றுக் குறைவு. விஆரில் பெண்களுக்கு அதிகமாகக் குமட்டுவதற்கு முக்கியக் காரணம், லென்ஸ் இடைவெளி அவர்கள் கண்ணுக்குப் பொருந்தாததே என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண்ணின் உடல்வாகு அப்படி என்று அதற்கு முன் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் இடைவெளியை அளந்து வைத்த பிறகே தொடங்குங்கள். ஒரு நிமிட வேலை.

குமட்டலை அளக்க 1993-இல் வந்த 16 அறிகுறிகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் எங்கள் பெண்கள் விழிப்பார்கள். ஆனால் குமட்டல் அவர்களுக்குப் புதிதல்ல. ஜீப்புக்குள் உடல் வளைவை உணர்கிறது, கண் உள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ்: கண் நகர்கிறது, உடல் நிற்கிறது. இரண்டிலும் கண்ணும் காதின் உட்பகுதியும் ஒத்துப்போகாததால் வயிற்றைப் பிரட்டுகிறது. அதனால், “லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறுகிறோம், இப்போது எந்த இடத்தில் இருப்பதுபோல் இருக்கிறது?” என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. “இன்னும் அடிவாரத்தில்தான்” என்றார் ஒருவர். “பாதி ஏறிவிட்டேன், எலுமிச்சம்பழம் வேண்டும்” என்றார் இன்னொருவர். கைக்கருவியில் உள்ள குச்சியைத் தள்ளி மெய்நிகர் தோட்டத்துக்குள் நடக்கும் பகுதியில்தான் எல்லோரும் மலை ஏறினார்கள். அதை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே செய்யும்படி மாற்றினோம்.

குரலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். மலையிலேயே தங்கி வேலை செய்பவர்களின் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். “இருபது லிட்டர் வெள்ளத்துக்கு எவ்வளவு மருந்து?” என்று ஒருவர் கேட்டார். அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். குரல் வெள்ள அபாய முன்னெச்சரிக்கை சொன்னது. இன்னொருவர், மருந்தடித்த மறுநாள் பிள்ளைக்குப் பனி என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். குழந்தைக்குக் கம்பளி போர்த்துங்கள், மூடுபனியில் வெளியே விடாதீர்கள் என்று பதில் வந்தது. தயக்கமே இல்லாத, படித்தவர் பேசும் தொனி. கேட்டவர் என்ன சொன்னார் தெரியுமா? “நான்தான் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.”

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட 18 வழிகாட்டுதல்களில் ஒன்று, கருவி எவ்வளவு தூரம் சரியாகச் செய்யும் என்பதைப் பயனாளிக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. நாங்கள் அதை ஒரு கேள்வியாக மாற்றினோம். “காய்ச்சலைச் சொல்கிறீர்களா, மூடுபனியைச் சொல்கிறீர்களா?” என்று குரல் திருப்பிக் கேட்ட பிறகுதான் பதில் சொல்லும். மருந்தின் அளவைத் தானாகச் சொல்லவே கூடாது, புட்டியில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். இதில் என் எண்ணம் மாறாது.

மாற்றுவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே பக்கத்து அறையில் மைக்கோடு உட்கார்ந்து, குரலாகப் பதில் சொன்னேன். இயந்திரத்தை முழுதாகக் கட்டும் முன் மனிதரை வைத்துப் பார்க்கும் பழைய முறை இது. முடிந்ததும், பேசியது நான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விடுவது ஏமாற்று. எந்தக் கேள்வி அதிகம் வரும் என்று அறியத்தான் உட்கார்ந்தேன். நாங்கள் எழுதி வைத்திருந்த கேள்விகள் அதிகம் வரவில்லை. வெவ்வேறு வாயிலிருந்து வந்தது ஒன்றுதான்: “கையுறை கிழிந்துபோனால் புதிது யார் தருவார்கள்?”

அதற்கு அந்த மைக்கின் முன் என்னிடம் பதில் இல்லை. அறிக்கையின் முதல் பக்கத்தில், எல்லா எண்களுக்கும் மேலே, அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மறுபடி கேட்பேன்.

இதோ, இது புதிய பட்டை. நடுவில் பிளந்து, கொண்டைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போகும்படி எங்கள் தெருத் தையல்காரர் தைத்துக் கொடுத்தது. பெரியம்மா ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார், குரல் கேட்கிறது. போட்டுப் பார்க்கத்தான் வருகிறார். அவர் முகத்தைப் படம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேமராவை நிறுத்துகிறேன்.